பழைய டிவி, மிக்சியெல்லாம் கடைக்கு வருது, எங்க கொடுக்கறதுங்க?

கோபி கடைக்காரர்:
வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையத்துல சின்னதா ஹோம் அப்ளையன்ஸ் கடை வெச்சிருக்கேன். நோம்பி சமயத்துல எக்ஸ்சேஞ்ச் போட்டா சனம் அட்டாலில கெடக்கறதையெல்லாம் எடுத்துட்டு வந்துருது, 2006ல அரசாங்கம் கொடுக்க ஆரம்பிச்ச இலவச கலர் டிவி இன்னும் வருதுங்க, அப்பறம் 2011ல இருந்து கொடுத்த மிக்சி, கிரைண்டர், ஃபேனு. இத்தனை வருசமா எல்லாத்தையும் ஒரு பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டுட்டு இருந்தேன். போன மாசம் தோட்டத்துக்குப் போறப்ப தடப்பள்ளி வாய்க்கா ஓரமா ஒரே கரும்பொகை, கிட்ட போய்ப் பாத்தா ஒயரைக் குமிச்சு எரிச்சு செம்பு எடுத்துட்டிருக்காங்க, பக்கத்துலயே பிக்சர் டியூப் ஒடைச்ச கண்ணாடி கெடக்குது. அதுல ஒரு டிவி பின்மூடில என்ற கடை ஸ்டிக்கர். அந்தத் தண்ணி பாஞ்சுதானுங்க எங்க நெல்லு வெளையுது. அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல.

மூணு விசயம் கேக்கோணும். கடைக்காரன் நான் எங்கயாச்சும் பதிவு பண்ணோணுமா? ஒரு கஸ்டமர் "பழசை நீங்க வாங்கித்தான் ஆகோணும், சட்டம்"னு சொல்றாரு, நெசமா? இதையெல்லாம் யார்கிட்ட கொடுக்கறது?

பீளமேட்டுக்காரன்:
ஸ்டிக்கர் விசயத்தைப் படிச்சதும் பதில் போடாம இருக்க முடியலீங்ணா. நான் ரீசைக்கிளிங் யூனிட்ல வேலை பாத்தவன்.

இப்ப இருக்கற மின்கழிவு விதி 2022ல அறிவிச்சு 2023 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்குது. முன்ன டிவி, ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர், செல்போன்னு கொஞ்சமா இருந்த லிஸ்ட் இப்ப 106 பொருள். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோட போர்ட்டல்ல பதிவு பண்ண வேண்டியது நாலு பேருதான், தயாரிக்கறவங்க, சொந்த பிராண்டுல விக்கறவங்க இல்ல இறக்குமதி பண்றவங்க, பழசை சரிபண்ணி விக்கற ரீஃபர்பிஷர், அப்பறம் பழசைப் பிரிச்சு உலோகம் எடுக்கற ரீசைக்கிளர். அடுத்தவங்க பிராண்டை வாங்கி விக்கற கடை அதுல வராது. 2016 விதில கம்பெனி பொறுப்பு கொடுத்திருந்தா டீலர் கடைல பெட்டி வெச்சுப் பழசை வாங்கோணும்னு இருந்துச்சு, கஸ்டமர் அதைச் சொல்லியிருப்பாரு, இப்ப இருக்கற விதில அது இல்லீங்க.

ஆனா ஒண்ணு பாத்துக்கோங்க. நம்மூர்ல கோயமுத்தூர்ல இருந்து கிரைண்டரை வாங்கி கடை பேரை ஒட்டி விக்கற பழக்கம் இருக்குதே, அப்படிச் செஞ்சா விதிப்படி நீங்களும் பிராண்டு உரிமையாளர்தான். மைக்ரோ நிறுவனத்துக்கு, அதாவது ரொம்பச் சின்ன நிறுவனத்துக்கு, விலக்கு இருக்குது, உங்க உத்யம் சான்றுல (சிறுதொழில் பதிவுச் சான்று) எந்த வகைன்னு போட்டிருக்குதுன்னு பாருங்க.

கம்பெனிகளுக்கு வருசத்துக்கு இத்தனை சதவீதம் பழசை ரீசைக்கிள் பண்ணிக் கணக்குக் காட்டோணும்னு இருக்குது, 2025-26ல 70, 2027-28ல இருந்து 80. அந்தக் கணக்குக்கு ரீசைக்கிளர் கொடுக்கற சர்டிபிகேட் வேணும், அது தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் எவ்வளவு எடுத்தாங்கங்கறதை வெச்சு வருது. அதனால உங்க குடோன்ல கெடக்கறது கம்பெனிக்கும் வேண்டிய சரக்குதான், நீங்க விக்கற பிராண்டோட ஏரியா ஆபீஸ்ல கேளுங்க. இல்லீன்னா மாசுக்கட்டுப்பாட்டு வாரிய லிஸ்ட்ல இருக்கற ரீசைக்கிளருக்கு நேரா கொடுத்து ரசீது வாங்கி வெச்சுக்கோங்க. இரும்புக்காரர் அளவுக்கு ரேட்டு கெடைக்காதுங்க, அதை இப்பவே மனசுல வெச்சுக்கோங்க. பிக்சர் டியூப் கண்ணாடில ஈயம் இருக்குது, அதுக்குக் காசே இல்ல, செலவுதான்.

பொள்ளாச்சி டு லெஸ்டர்:
கஸ்டமர் சொன்ன சட்டம் இங்க இங்கிலாந்துல நெசமாவே இருக்குதுங்க. புதுசா ஒண்ணு வாங்கினா அதே வகைல பழசு ஒண்ணைக் கடைக்காரர் காசில்லாம வாங்கிக்கோணும், பழசு எந்தக் கடைல வாங்கினதுன்னு கேக்கப்படாது, 28 நாளைக்குள்ள கொண்டுபோய்க் கொடுக்கலாம். கரண்ட் சாமான் விக்கற எடம் 400 சதுர மீட்டருக்கு மேல இருக்கற கடைன்னா 25 சென்டிமீட்டருக்குள்ள இருக்கற சின்ன சாமானை எதுவுமே வாங்காட்டியும் எடுத்துக்கோணும். வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போறதுக்கு மட்டும் காசு கேக்கலாம். எங்க வீட்ல கெட்டுப்போன சார்ஜரு, ஷேவரெல்லாம் ஒரு பைல போட்டு வெச்சு கடைக்குப் போறப்ப கொண்டுபோய் போட்டுட்டு வந்துருவாங்க. ஊருக்கு வந்தா இதே சாமானுக்கு எங்கயும் எடமில்லாம அப்பத்தா பொடக்காலில குழி தோண்டிப் பொதைக்குது, பாக்கவே சங்கடமா இருக்குது.

பெருந்துறை டீச்சர்:
அண்ணா, ரெண்டு மூணு விசயம். இன்வெர்டர் பேட்டரியை இதுகூடக் கலக்காதீங்க, அதுக்கு பேட்டரிக் கழிவு விதி 2022ன்னு தனியா இருக்குது. டியூப்லைட், சிஎஃப்எல் ஒடையாம அட்டைப்பெட்டில வைங்க, உள்ள பாதரசம். ஃபிரிட்ஜ், ஏசி எடுத்தா கேஸ் பைப்பை யாரையும் வெட்ட விடாதீங்க. செல்போன், கம்ப்யூட்டர் வாங்கறப்ப கஸ்டமரையே அழிச்சுத் தரச் சொல்லுங்க, என்ற தங்கச்சி போன்ல இருந்த குழந்தை போட்டோவெல்லாம் யாரோ ஒருத்தர் கைக்குப் போயிருச்சு, அந்தப் புள்ள அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். மூடிப்போன கம்பெனி சாமானா இருந்தா, அதைச் சேகரிச்சு ரீசைக்கிளருக்கு அனுப்பற பொறுப்பு உள்ளாட்சிக்கு இருக்குது, நகராட்சில எழுதியே கொடுங்க.

கோபி கடைக்காரர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கிரைண்டர்ல என்ற கடை பேரு ஒட்டித்தான் விக்கறேன், உத்யம் சான்றை எடுத்துப் பாத்தேன், மைக்ரோன்னுதான் போட்டிருக்குது. இரும்புக்காரர்கிட்டயும் போய்ப் பேசினேன், கோவப்படல, எரிக்கற பசங்களுக்கு விடாம இருமலுன்னு அவரே சொன்னாரு. அவரு டெம்போலயே ரீசைக்கிளர்கிட்ட ஏத்திவிட்டு வாடகை கொடுத்தர்றேன்னு சொல்லிருக்கேன், செரீன்னுட்டாரு. குடோன்ல இப்ப 43 டிவி இருக்குது, ஒடைக்காம அப்படியே வெச்சிருக்கேன். நம்பியூர், சத்தி, அந்தியூர் பக்கம் கடைக்காரங்க யாராச்சும் இருந்தா இங்கயே சொல்லுங்க, ஒரே லோடா அனுப்பிச்சரலாம்.