பையனுக்கு நாலரை வயசு, பேச்சு சரியா வரலை, இங்கிலாந்து வந்து நாலு மாசம்: எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கேட்டவர் (ஸ்விண்டன்):

வணக்கம். ஸ்கில்டு வொர்க்கர் விசாவுல வந்து நாலு மாசம் ஆச்சு. பையனை செப்டம்பர்ல ரிசப்ஷன்ல (பள்ளியோட முதல் வகுப்பு) சேர்த்தோம். கோயம்புத்தூர்ல இருக்கும்போதே டாக்டர் ஒருத்தர் "ஆட்டிசம் மாதிரி தெரியுது, பார்க்கலாம்"னு சொன்னார். "இவன் அப்பனும் மூணு வயசுக்கு மேலதான் பேசினான்"னு அம்மா சொன்னாங்க, நாங்களும் விட்டுட்டோம். போன வாரம் டீச்சர் கூப்பிட்டு, கார்பெட்ல உட்கார மாட்டேங்கிறான், கையை உதறிக்கிட்டே சுத்துறான், பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறதில்லைன்னு சொன்னாங்க. ஜி.பி. (குடும்ப டாக்டர்) ரெஃபரல் போட்டிருக்கார். வரிசை ரெண்டு வருஷத்துக்கு மேலங்கிறாங்க. வீட்டுல தமிழை நிறுத்து, இங்கிலீஷ் மட்டும் பேசுன்னு ஒரு நண்பர். டி.எல்.ஏ. (குறைபாடுள்ள பிள்ளைங்களுக்கு அரசு தர்ற உதவித்தொகை) போடு, பணம் வரும்னு இன்னொருத்தர். மனைவி நாள் முழுக்க வீட்டுல தனியா இருக்காங்க, அழுதுக்கிட்டே இருக்காங்க. யாராவது வழி சொல்லுங்க.

பதில் (ரெடிங், வந்து 8 ஆண்டுகள், மகனுக்கு 11 வயது):

தம்பி, உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த ரெண்டு வருஷ வரிசைதான் என்று நினைக்கிறேன். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அது டயக்னோசிஸுக்கான வரிசை. பள்ளியில் உதவி கிடைப்பதற்கு அந்த வரிசையின் முடிவு வரை நிற்க வேண்டியதில்லை.

நமக்கு இது புரிய நாளாகும். நம் ஊரில் சர்டிஃபிகேட் முதலில், சலுகை பிறகு. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 சதவீதம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் காகிதம் கையில் வந்தால்தான் எந்தக் கதவும் திறக்கும். இங்கே பிள்ளைக்கு என்ன தேவை என்பதுதான் கேள்வி, நோய்ப் பெயர் என்ன என்பதல்ல. நானும் அந்தக் காகிதம் வரட்டும் என்று ஒன்றரை வருஷம் சும்மா இருந்துவிட்டேன். நீங்கள் இருக்காதீர்கள்.

நாளைக்கே செய்ய வேண்டியது: பள்ளியின் சென்கோவுக்கு மின்னஞ்சல் அனுப்பி நேரம் கேளுங்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைக் கவனிக்கும் ஆசிரியர் அவர், ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். வாய்ப் பேச்சோடு விடாதீர்கள். பேசி முடித்த அன்றைக்கே "இன்று இவை பேசினோம், இவற்றைச் செய்வதாகச் சொன்னீர்கள்" என்று நாலு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். கோயம்புத்தூர் டாக்டர் எழுதிய சீட்டு எதுவாக இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். இங்கே அதை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், ஆனால் ஆதாரமாகப் பார்ப்பார்கள்.

பள்ளி தன் கையிருப்பில் செய்யும் உதவி போதாது என்று தெரிந்தால், அடுத்த படி இ.எச்.சி.பி. பிள்ளைக்கு என்னென்ன உதவி, யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர வேண்டும் என்று கவுன்சில் (உள்ளூர் நிர்வாகம்) எழுதித் தரும் சட்டபூர்வமான திட்டம் அது. 2014-இல் வந்த சிறார், குடும்பங்கள் சட்டப்படி பெற்றோரே நேரடியாகக் கவுன்சிலுக்கு எழுதி அசெஸ்மென்ட் கேட்கலாம். பள்ளி சம்மதிக்க வேண்டும் என்றில்லை, டயக்னோசிஸும் தேவையில்லை. கடிதம் கிடைத்ததிலிருந்து 6 வாரத்துக்குள் அசெஸ்மென்ட் உண்டா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். திட்டம் தருவதாக இருந்தால் 20 வாரத்துக்குள் முடித்துத் தர வேண்டும். பல கவுன்சில்கள் தேதியைத் தவறவிடுகின்றன. தவறினால் மறுநாளே எழுதிக் கேளுங்கள். கடிதத்தை எப்படி எழுதுவது என்று திகைக்க வேண்டாம், இப்சியா என்ற தொண்டு நிறுவனத்தின் தளத்தில் மாதிரிக் கடிதம் இலவசமாக இருக்கிறது. செண்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவையும் ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் உண்டு.

எங்களுக்கு முதலில் "முடியாது" என்றுதான் பதில் வந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்து நான் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். இவர்கள் நாட்டுக்கு வந்துவிட்டு இவர்களோடேயே வழக்காடுவதா என்று பயம். பிறகுதான் தெரிந்தது, மேல்முறையீடு இங்கே அன்றாட நடைமுறை. டிரைப்யூனலுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டும் என்றில்லை, விசாரணை வரை போகிற வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பெற்றோர் பக்கமே தீர்ப்பாகிறது. விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து இரண்டு மாதம் என்ற கெடுவை மட்டும் கோட்டை விடாதீர்கள்.

திட்டத்தின் வரைவு கைக்கு வந்ததும், என்னென்ன உதவி என்று எழுதியிருக்கும் எஃப் பிரிவைப் புரட்டுங்கள். உயிர் அங்கேதான் இருக்கிறது. "தேவைப்படும்போது பெரியவர் ஒருவரின் ஆதரவு கிடைக்கும்" என்று எழுதியிருந்தால் அது வெறும் காற்று. யார், எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை முறை என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.

பணம் பற்றி. டி.எல்.ஏ. போடச் சொன்னவர் நல்ல மனசோடு சொல்லியிருப்பார், ஆனால் ஆபத்தான யோசனை. உங்கள் விசாவில் பொது நிதி (அரசு உதவித்தொகைகள்) கிடையாது என்ற நிபந்தனை இருக்கும். டி.எல்.ஏ., கேரர்ஸ் அலவன்ஸ், யுனிவர்சல் கிரெடிட், சைல்டு பெனிஃபிட் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. நிபந்தனை இருக்கும்போது வாங்கினால் அது விசா விதிமீறல், பிற்பாடு இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்குப் போடும்போது இடிக்கும். ஆனால் பயந்து எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள். அரசுப் பள்ளி, இ.எச்.சி.பி., என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) பேச்சுப் பயிற்சி ஆகியவை பொது நிதிப் பட்டியலில் இல்லை. விசா எடுக்கும்போதே சுகாதாரக் கட்டணம் என்று ஆண்டுக்குப் பெரியவருக்கு 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776 பவுண்டு கட்டியிருப்பீர்கள். யாரும் தானமாகத் தரவில்லை, தயங்காமல் கேளுங்கள். ஸ்பீச் தெரப்பிக்குப் பல ஊர்களில் பெற்றோரே பெயர் கொடுக்கலாம், உங்கள் பகுதியில் உண்டா என்று பாருங்கள்.

இனி தமிழ். தம்பி, இதைத்தான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். நிறுத்தாதீர்கள்.

என் மகனுக்கு மூன்று வயதில் ஒரு கிளினிக்கில் "வீட்டில் ஆங்கிலம் மட்டும்" என்றார்கள். எட்டு மாதம் அப்படியே நடந்தோம். எனக்குத் தெரிந்தது ஆபீஸ் ஆங்கிலம். அதில் வேலை வாங்கத் தெரியும், கொஞ்சத் தெரியாது. "வா", "உட்கார்", "வேண்டாம்" என்பதை ஆங்கிலத்தில் சொல்வதோடு என் பேச்சு முடிந்துவிடும். நிலாவைக் காட்டிச் சொல்ல ஒன்றும் வாயில் வரவில்லை. வீடே ஊமையாகிவிட்டது. வீடியோ காலில் பாட்டி கூப்பிட்டால் யார் இந்தப் பாஷை பேசுவது என்பதுபோல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்த எட்டு மாதம் எங்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

அப்புறம் வந்த தெரப்பிஸ்ட், தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து உட்கார்ந்தார். (என்.எச்.எஸ். சந்திப்புகளுக்கு நீங்களும் கேட்கலாம், காசு கிடையாது.) அன்றைக்கு என் மகன் சிங்க் பக்கம் போய் "தண்ணி வேணுமா?" என்றான். நான் வழக்கம்போல் "எனக்கு வேண்டாம்டா" என்றேன். அவன் என்ன சொன்னான் என்று தெரப்பிஸ்ட் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் சொன்னார். "அவன் உங்களைக் கேட்கவில்லை, தனக்குக் கேட்கிறான்" என்றார் தெரப்பிஸ்ட். நாங்கள் ஒவ்வொரு முறையும் "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டுத்தானே டம்ளரைக் கொடுப்போம்? தண்ணீர் வருவதற்கு முன்னால் வரும் சத்தம் அது. அதையே முழுசாக எடுத்து வைத்திருந்தான். அதுவரை "சொந்தமாக எதுவும் பேசுவதில்லை" என்றே எழுதி வந்த ரிப்போர்ட்டில், அன்றைக்கு முதல்முறையாக அவன் கேட்டு வாங்கும் சொற்கள் பத்தொன்பது ஏறின. அதன்பின் நாங்கள் கேள்வியாகக் கேட்பதை விட்டு, அவன் வாயில் வர வேண்டியதை அவன் இடத்திலிருந்து சொன்னோம். டம்ளரை நீட்டி "தண்ணி வேணும்". கதவருகே "வெளிய போகணும்". நாலைந்து மாதம் பிடித்தது.

இதையெல்லாம் எழுதி வையுங்கள். மனைவியிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள், அவரைவிட அவனைத் தெரிந்தவர் இந்த நாட்டில் யாரும் இல்லை. "பிடிவாதம் பிடிப்பான்" என்று எழுதினால் பயன் இல்லை. "செவ்வாய் காலை 8.10, சாக்ஸின் தையல் விரலில் பட்டது, 35 நிமிடம் அழுதான், ஷூ இல்லாமல் தூக்கிக்கொண்டு போனேன்" என்று எழுதினால் அது ஆதாரம். பள்ளியில் "இங்கே சமத்தாக இருக்கிறானே" என்றால் சண்டை போடாதீர்கள், நோட்டைக் காட்டுங்கள். பல பிள்ளைகள் ஆறு மணி நேரம் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, வீட்டு வாசல் மிதித்ததும் உடைந்துபோவார்கள். தனக்குப் பத்திரமான இடம் எது என்று தெரிந்துதான் அங்கே உடைகிறார்கள்.

வெளியே போகும்போது கழிப்பறையில் கை உலர்த்தும் மெஷின் சத்தம்தான் இந்த ஊரில் பெரிய வில்லன். காது மூடி ஒன்று வாங்கிப் பையிலேயே போட்டு வையுங்கள். பச்சை நாடாவில் மஞ்சள் சூரியகாந்தி போட்ட கழுத்துப் பட்டை பார்த்திருப்பீர்கள். 2016-இல் கேட்விக் விமான நிலையத்தில் ஆரம்பித்தது. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர் என்று ஊழியர்களுக்கு அடையாளம் காட்டும். ஊருக்குப் போகும் விமானப் பயணத்தில் எங்களுக்கு அது பெரிய துணை. கோயிலுக்கு விசேஷ நாளில் போகாதீர்கள், தவில் சத்தம் தாங்க மாட்டான். சாதாரண நாள் காலையில் நடை திறந்ததும் போனால் பிரகாரத்தில் அவன் பாட்டுக்குச் சுற்றுவான்.

ஸ்காட்லாந்து, வேல்ஸ் பக்கம் மாறுவதாக இருந்தால் சட்டம் வேறு, அப்போது தனியாகக் கேளுங்கள்.

கேட்டவர்:

அக்கா, ரெண்டு தடவை படிச்சேன், மனைவிக்கும் படிச்சுக் காட்டினேன். ரெண்டு சந்தேகம். தடுப்பூசியாலதான் வந்துச்சோன்னு மனைவிக்கு ஒரு உறுத்தல். ஊர்ல அம்மா, சென்னையில ஸ்டெம் செல் போட்டா சரியாயிடுமாம், லீவுல கூட்டிட்டு வாங்கறாங்க.

பதில் (ரெடிங்):

அந்தப் பயம் இந்த நாட்டில்தான் பிறந்தது. 1998-இல் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டு ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவரின் கட்டுரை லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு அவர் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்தும் நீக்கினார்கள். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை. உங்கள் மனைவி எந்தத் தப்பும் செய்யவில்லை, இதை நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள்.

ஸ்டெம் செல் வேண்டவே வேண்டாம். ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கக் கூடாது என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் சொல்லிவிட்டது. லட்சக்கணக்கில் பிடுங்குவார்கள். அம்மாவிடம் வாதாடிப் பயனில்லை. "நோய் இல்லம்மா, மூளை வேற தினுசா வேலை செய்யுது" என்று மட்டும் சொல்லுங்கள். புற உலகச் சிந்தனையற்றவர் என்று அரசுக் காகிதங்களில் ஒரு சொல் உண்டு. அதை எனக்குப் பிடிக்காது, என் மகன் என்னைவிட அதிகமாகப் புற உலகத்தைக் கவனிக்கிறவன். நரம்பியல் பன்மை என்று இப்போது எழுதுகிறார்கள், அது பரவாயில்லை. வீட்டுப் பேச்சுக்கு ஆட்டிசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஒரு மாதம் வந்து கூட இருந்தால் தானே புரிந்துகொள்வார். என் மாமியார் அப்படித்தான் மாறினார். இன்று அவனுக்குத் தொட்டால் பிடிக்காத துணி எது என்று கடையில் அவர்தான் தடவிப் பார்த்து வாங்குகிறார்.

இன்னொருவர் (ஹரோ):

தம்பி, நான் யாழ்ப்பாணம். அக்கா எல்லாம் வடிவாச் சொல்லிப்போட்டா, நான் ஒண்டு மட்டும் சேர்க்கிறன். என்ர மகளின்ர அசெஸ்மென்ட்டில கேட்ட ஒவ்வொரு கேள்வியும் என்னைப் பற்றிக் கேட்ட மாதிரியே இருந்தது. அதுக்குப் பிறகு நானும் ஜி.பி.யிட்டப் போனன். இங்கிலாந்தில ரைட் டு சூஸ் எண்டு ஒரு வழி இருக்கு, என்.எச்.எஸ். காசிலயே வேற இடத்தில பார்க்கலாம், ஜி.பி. எழுதித் தரவேணும். 41 வயசில ஏடிஹெச்டி (கவனம் ஒரு இடத்தில நிக்காத தன்மை) எண்டு சொல்லிச்சினம். சின்னனில எனக்கு வீட்டில "பொறுப்பில்லாதவள்" எண்டுதான் பேர். அண்டைக்குக் காருக்குள்ள இருந்து கனநேரம் அழுதனான். வேலையிடத்தில சொன்னன். 2010 சமத்துவச் சட்டப்படி அவை நியாயமான மாற்றங்கள் செய்து தரவேணும். எனக்கு ஒரு மூலை மேசையும், சொல்லுறதை எழுத்தில தரச் சொல்லியும் கேட்டன், தந்தவை. உங்களுக்கோ மனிசிக்கோ அப்பிடி ஏதும் மனதில பட்டால் ஒளிச்சு வைக்காதேங்கோ. மனிசி தனிய இருக்கிறா எண்டு எழுதினீங்கள். ஸ்விண்டனில இப்பிடிப்பட்ட பிள்ளையளின்ர தாய்மார் கூடுற இடம் இருக்கோ எண்டு சென்கோவிட்டயே கேளுங்கோ.

கேட்டவர்:

நன்றி அக்கா, நன்றி அம்மா. சென்கோ வியாழக்கிழமை மூணரை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. டி.எல்.ஏ. ஃபார்மைக் கிழிச்சுப் போட்டாச்சு. நோட்டு வாங்கினோம், மனைவிதான் எழுதுறாங்க. முதல் பக்கத்துல இருக்கிறதை அப்படியே போடுறேன்: "ஞாயிறு இரவு 7.20. ஃப்ரிட்ஜ் முன்னாடி நின்னு 'தயிர் வேணுமா'ன்னான். மூணு மாசமா நாங்க இதுக்கு வேண்டாம்னு பதில் சொல்லிட்டு இருந்திருக்கோம். கிண்ணத்துல போட்டு 'தயிர் வேணும்'னு சொல்லிக் கொடுத்தேன். வாங்கிட்டுப் போய்த் தரையில உட்கார்ந்து முழுசாச் சாப்பிட்டான்."