ஐயாவின் ரங்கூன் கடிதங்கள்: ஆர் (R) நிரல் மொழியில் சொல் எண்ணினால் புள்ளி உதிர்கிறது

வளவுக்காரி (தேவகோட்டை):
ஐயா 1930களில் ரங்கூனில் வட்டிக்கடைப் பெட்டியடியில் இருந்தபோது அப்பத்தாவுக்கும் பங்காளிகளுக்கும் எழுதிய கடிதக் கட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. பாதியை நான் போனில் அடித்தேன். மீதியைக் காரைக்குடியில் ஒரு டைப்பிங் சென்டரில் கொடுத்தோம்.

கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம்தான் செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து, கடனுக்கு ஈடாக வயல்கள் வந்து சேர்ந்ததில் 1938இல் அது 25 ஆனது. கடிதத்திலும் அந்த வருஷங்களில் வட்டிப் பேச்சு குறைந்து வயல் பேச்சு கூடுகிறதா என்று பார்க்க ஆசை.

ஆனால் ஆர் மொழியில் நிறுத்தக் குறிகளை நீக்கிவிட்டுச் சொற்களை எண்ணினால் "வட்டி" போய் "வடட" வருகிறது. "சௌக்கியம்" சொல் பட்டியலில் இரண்டு வரியாக நிற்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பட்டியலில் முதலிடம் எதற்குத் தெரியுமா? "உ"!

பேரேடு:
"உ" வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிள்ளையார் சுழி இல்லாமல் நம் ஊரில் யார் கடிதம் எழுதினார்கள்? ஆனால் அது மட்டும் இல்லை. கணக்கு வரும் வரிகளைப் பாருங்கள். தமிழ் எண் ௨ வர வேண்டிய இடத்தில் "உ" என்ற எழுத்தையே அடித்திருக்கலாம். அதே மாதிரி ௧க்கு "க", ௭க்கு "எ", ௮க்கு "அ". ஆளுக்கு ஒரே மாதிரி தெரியும், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. தனியாக நிற்கும் ஓரெழுத்துகளை மட்டும் பொறுக்கி, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருத்துங்கள். தலைப்பில் இருப்பது சுழி, தொகைக்குப் பக்கத்தில் இருப்பது எண்.

"வடட" ஆனதற்குக் காரணம், யூனிகோடில் (கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) புள்ளியும் உயிர்க்குறியும் "எழுத்து" வகையில் இல்லை, "குறி" வகையில் இருக்கின்றன. எழுத்து அல்லாததை நீக்கு என்று எழுதினால் அவையும் போய்விடும். எழுத்து, குறி, எண் மூன்றையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். இதற்கு ஆரில் உள்ள ஸ்ட்ரிங்ஐ (stringi) தொகுப்பு நல்லது.

சௌக்கியம்தான் சுவாரஸ்யம். "கோ" என்பதை க, ே, ா என்று பிரித்து அடித்திருந்தால் என்எஃப்சி (NFC, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு ஒழுங்கு) ஒரே வரியில் சேர்த்துவிடும். ஆனால் "ௌ" குறிக்குப் பதிலாக "ெ" போட்டு, பக்கத்தில் "ள" என்ற எழுத்தையே அடிப்பவர்கள் ஏராளம். அதை என்எஃப்சி தொடாது. மொத்தமாக மாற்றவும் கூடாது, "வெளி", "தெளிவு" எல்லாம் கெட்டுவிடும். சௌக்கியம், கௌரவம், பௌர்ணமி, மௌனம் என்று ஒரு சின்னப் பட்டியல் போட்டு அவற்றை மட்டும் மாற்றுங்கள்.

கிட்டங்கி:
நான் குவான்டீடா (quanteda) என்ற ஆர் தொகுப்பைப் பயன்படுத்துகிறேன். வேற்றுமை உருபு சேர்ந்த சொற்களைத் தேட நட்சத்திரக் குறி போதும். ஆனால் "வயல்*" என்று புள்ளியோடு கொடுத்தால் "வயலில்", "வயலுக்கு" எதுவும் சிக்காது. புள்ளியை எடுத்துவிட்டு "வயல*" என்று கொடுங்கள், "வயல்" உட்பட எல்லாம் வரும். "ரங்கூன*" அப்படியே. பழைய கையெழுத்தில் "ரெங்கோன்" என்றும் இருக்கும், அதையும் சேருங்கள்.

இன்னொன்று, சொல் மேகம் படம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டலாம், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. க்விக் (kwic) என்ற கட்டளை ஒவ்வொரு "வயல்"லையும் முன்பின் சொற்களோடு காட்டும். அதை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிட்டு அப்புறம் எண்ணுங்கள். ஐயா ஊர் வயலைப் பற்றி விசாரித்திருந்தால் அது பர்மா கணக்கில் சேராது இல்லையா? வருஷத்துக்கு வருஷம் கடித எண்ணிக்கை மாறும், அதனால் ஆயிரம் சொல்லுக்கு எத்தனை என்று ஒப்பிடுங்கள்.

வளவுக்காரி:
நன்றி. பட்டியல் போட்டு மாற்றியதும் சௌக்கியம் ஒரே வரிக்கு வந்துவிட்டது. க்விக் போட்டதில் பாதி வயல் நம் ஊர்க் கண்மாய்ப் பாசன வயல்தான்! தொகைகள் இன்னும் பாக்கி. ௨௱௩௰௪ என்று இருப்பதை எண்ணாக மாற்றச் சொன்னால் வெற்று மதிப்பு (NA) வருகிறது. நடுவில் மா, காணி என்ற பின்னக் குறிகள் வேறு.

பேரேடு:
அது இட மதிப்பு முறை இல்லை, அதனால் நேராக மாறாது. ௱க்கு முன்னால் உள்ளதை நூறால், ௰க்கு முன்னால் உள்ளதைப் பத்தால் பெருக்கிக் கூட்ட ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதுங்கள், 234 வரும். முன்னால் எண் இல்லாமல் ௱ மட்டும் நின்றால் நூறு. மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இந்தக் குறிகள் 2019இல் வந்த யூனிகோடு 12இல்தான் சேர்ந்தன, பல எழுத்துருக்களில் கட்டமாகத் தெரியும். மூலத்தை ஒரு பத்தியிலும் தசமத்தை அடுத்த பத்தியிலும் வையுங்கள். விண்டோஸ் என்றால் ஆர் 4.2க்குக் கீழே வேண்டாம்.