2022 பிப்ரவரிப் படத்தில் ஏரியின் நீர்ப்பரப்பு பாதியாகிவிடுகிறது (சென்டினல்-2, பைத்தான்)

வணக்கம். கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் எடுக்கிறேன். எம்.எஸ்சி. செய்முறை வகுப்புக்கும் என் ஆய்வுக்கும் சேர்த்து பைத்தானில் ஒரு சின்ன மென்பொருள் எழுதியிருக்கிறேன். சென்டினல்-2 செயற்கைக்கோளின் லெவல்-2ஏ (வளிமண்டலத் திருத்தம் செய்த) படத்தைக் கொடுத்தால் பி3 (பச்சை), பி8 (அண்மை அகச்சிவப்பு) பட்டைகளை எடுத்து என்.டி.டபிள்யூ.ஐ. என்ற நீர்க் குறியீட்டைக் (இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுப்பது) கணக்கிட்டு, 0.2-க்கு மேல் வருவதைத் தண்ணீர் என்று எண்ணி ஹெக்டேரில் சொல்லும். 2021 கடைசி வரை ஒழுங்காக வந்தது. 2022 பிப்ரவரிப் படத்தைப் போட்டால் பரப்பு பாதிக்கும் கீழே போகிறது. ஆனால் 2021 நவம்பர் மழையில் கலங்கல் வழிந்த ஏரி அது, பிப்ரவரியில் மாணவர்களோடு கரையில் நடந்தபோதும் ததும்பிக்கொண்டுதான் இருந்தது. படத்தில் மேகமும் இல்லை. "ஏரி வேகமாக வற்றுகிறது" என்று ரெக்கார்டில் எழுதிவிட்டார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கே பார்ப்பது?

பதில் 1:
மேடம், ஏரியில் ஒன்றும் ஆகவில்லை, படத்தின் எண்கள்தான் மாறின. 2022 ஜனவரி 25 முதல் பேஸ்லைன் 04.00 (படத்தைத் தயாரிக்கும் முறையின் புதிய பதிப்பு) வந்தது, அதில் ஒவ்வொரு பிக்சல் மதிப்போடும் 1000 கூட்டித் தருகிறார்கள். பி3 800, பி8 300 என்றால் 500-ஐ 1100-ஆல் வகுத்து 0.45, அதுவே 1800, 1300 ஆனால் 500-ஐ 3100-ஆல் வகுக்க 0.16, உங்கள் 0.2-ஐத் தாண்டாது. கணக்குக்கு முன்னால் 1000-ஐக் கழித்துவிடுங்கள். தேதியை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், மறுபடி தயாரித்த பழைய படங்களிலும் இந்தக் கூட்டல் உண்டு. கோப்புப் பெயரில் என்0400 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி சார், பெயரில் என்0400 என்றே இருக்கிறது. படத்தைத் திறந்தவுடனே கழித்துப் பார்த்தேன், கரையோரம் சரியாகிவிட்டது, ஆனால் இப்போது ஆழமான நடுப்பகுதியில் ஓட்டை ஓட்டையாக விழுகிறது. அங்கே பி8 மதிப்பு 65516 என்று காட்டுகிறது!

பதில் 2:
படத்தைப் படிக்கும் ராஸ்டீரியோ நூலகம் அந்தப் பட்டையை 16 பிட் குறியில்லா முழு எண்ணாகத்தான் படிக்கும், அதில் மைனஸுக்கு இடமே கிடையாது. 980-லிருந்து 1000 போனால் -20 வர வேண்டும், அது சுற்றிக்கொண்டு 65516 ஆகிவிடுகிறது, பைத்தானின் கணக்கு நூலகமான நம்பை (NumPy) எச்சரிக்கையும் தராது. ஆழமான தண்ணீர் அகச்சிவப்பில் அவ்வளவு இருட்டு, அதனால்தான் ஓட்டை நடுவில் மட்டும். முதலில் ஃப்ளோட் (மைனஸும் ஏற்கும் தசம எண்) ஆக்குங்கள், அப்புறம் கழியுங்கள், மைனஸாக வருவதைப் பூஜ்யமாக்குங்கள். மூலப் படத்திலேயே 0 இருக்கும் பிக்சல் தரவில்லாத இடம், அதைக் கழிப்பதற்கு முன்பே தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

கேட்டவர்:
வந்துவிட்டது சார்! ஃப்ளோட் வரியை இரண்டு வரி மேலே ஏற்றினேன், அவ்வளவுதான். நடுவில் ஒரு ஓட்டையும் இல்லை, நீர்ப்பரப்பு நவம்பர் அளவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பேஸ்லைனைப் படித்துத் தானே கழிக்கும்படி மாற்றிவிட்டேன். திங்கட்கிழமை வகுப்பில் பழைய படம், கழிக்காத படம், கழித்த படம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டப் போகிறேன், ரெக்கார்டை அவர்களே திருத்தி எழுதட்டும்.