கிளச் பெயாரிங் மாத்தியும் சத்தம் போகேல்லை, அவசரம்

புதூர்ப்பெடியன்: கிளச் பெயாரிங் மாத்தி 2 கிழமை. திரும்பவும் கிர்ர்ர் எண்டு கத்துது. நாளைக்குக் கொழும்பு போகோணும். கியர்பொக்ஸ் இறக்காமல் செய்யேலாதோ?

குளக்கட்டு: என்ன வாகனம்? கிளச் கேபிளிலை வேலை செய்யுதோ, ஒயிலிலையோ? மிதிக்கேக்க கத்துதோ, விடேக்கயோ?

பழைய இரும்பு: தம்பி, கேள்வி கேக்கவும் ஒரு முறை இருக்கு. நியூட்றலிலை காலை எடுக்கக் கத்தி, மிதிக்க நிண்டால் அது கியர்பொக்ஸ் இன்புட் ஷாப்ட் பெயாரிங். உம்மட அதுதான், எழுதி வையும்.

புதூர்ப்பெடியன்: சுசுக்கி அல்டோ கார். மிதிக்கத்தான்.

குளக்கட்டு: அப்ப ரிலீஸ் பெயாரிங்தான், நீங்கள் மாத்தின அதே கிளச் பெயாரிங். பெடலைக் கையாலை அமத்திப் பாருங்கோ. இறுக முன்னம் ஒரு விரல்கடையாவது சும்மா போகோணும். போகேல்லையெண்டால் பெயாரிங் எந்நேரமும், கிளச் பிளேட்டை அமத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின்ரை விரல்களிலை முட்டிச் சுத்தும், புதுசும் வெந்துபோம். கேபிள் நட்டைத் தளர்த்துங்கோ. ஆனால் வெந்தது வெந்ததுதான். எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவிலை கிடக்கிற சாமான், இறக்கத்தான் வேணும். ஏ9 றோட்டிலை நெடுக ஓடும், கொழும்பு ட்ரபிக்கிலை மிதிச்சு விடேக்கதான் காலை வாரும்.

வவுனியா ஸ்பானர்: இறக்கினால், பெயாரிங்கைத் தள்ளுற கிளச் ஃபோர்க் ஷாப்ட் புஷ்சை ஆட்டிப் பாருங்கோ. தேய்ஞ்சிருந்தால் பெயாரிங் சரிஞ்சு முட்டும். ஏத்தேக்க கியர்பொக்ஸ் பாரத்தை இன்புட் ஷாப்டிலை தொங்கவிடாதேங்கோ, கிளச் பிளேட்டின்ரை நடு வளையும், பிறகு கியர் விழாது. அந்த ஷாப்டின்ரை பல்லுக்கு (ஸ்பிளைன்) மெல்லிசாக் கிறீஸ். கூடினால் சிதறிப் பிளேட் வழுக்கும்.

நெல்லு லொறி: கிரவல் றோட்டுப் புழுதிதான் காரணம். பழசை மண்ணெண்ணெயிலை கழுவிப் போடுங்கோ, காசு மிச்சம்.

வவுனியா ஸ்பானர்: ஐயோ அண்ணை, அது சீல் அடிச்ச பெயாரிங். மண்ணெண்ணெய் உள்ளை போய்க் கிறீஸைக் கரைச்சுப்போடும், திரும்பக் கிறீஸ் ஏத்த வழியில்லை.

நெல்லு லொறி: ட்ரக்டருக்கு உப்பிடித்தான் செய்யிறது.

பழைய இரும்பு: சில ட்ரக்டருக்குக் கிறீஸ் ஏத்திற நிப்பிள் இருக்கு. அல்டோவிலை எங்கை இருக்கு, காட்டும் பாப்பம்?

நெல்லு லொறி: நீங்கள் முதல் இன்புட் ஷாப்ட் எண்டு எழுதி வைக்கச் சொன்னதைக் காட்டுங்கோ.

குளக்கட்டு: சண்டையை விடுங்கோ. தம்பி, மழைக்கு முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துத் தண்ணிக்குள்ளாலை ஓட்டினனீங்களோ? போன முறை கிளச் பிளேட்டும் மாத்தினதோ, பெயாரிங் மட்டுமோ?

புதூர்ப்பெடியன்: பெடல் சும்மா போகேல்லைத்தான். புஷ்சும் தேய்ஞ்சு கிடந்தது. புஷ், பெயாரிங் மாத்தியாச்சு, சத்தமில்லை. நன்றி அண்ணையாக்கள்.

குளக்கட்டு: பிளேட்? பிளேட் தேயத் தேயத்தான் அந்த இடைவெளி இல்லாமல் போறது. பிளேட்டிலை ரிவெட் தலைக்கு மேலை லைனிங் எவ்வளவு மிச்சம் கிடந்தது?

குளக்கட்டு: தம்பி?