புது எம்2, 310 கி.மீ-இல் 6,800 ஆர்பிஎம் போய்விட்டது. இன்ஜினுக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

நொய்யல்கரை:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் பிஎம்டபிள்யூ எம்2 எடுத்தேன், ஆறு கியர் மேனுவல். பத்து வருட ஆசை. 2,000 கி.மீ ஆகும்வரை 5,500 ஆர்பிஎம்மையும் (நிமிடத்துக்கு இன்ஜின் எத்தனை தடவை சுற்றுகிறது என்ற கணக்கு) மணிக்கு 170 கி.மீ வேகத்தையும் தாண்டக் கூடாது, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கக் கூடாது என்று கையேட்டில் இருக்கிறது. அதன்படியே ஓட்டி வந்தேன்.

போன ஞாயிறு மச்சான் ஒரு தடவை ஓட்டித் தருகிறேன் என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவிநாசி தாண்டி சேலம் ரோட்டில் ஒரு லாரியை முந்தும்போது இரண்டாவது கியரிலேயே இழுத்துவிட்டார். நான் மீட்டரைப் பார்த்தபோது 6,800. இரண்டு மூன்று நொடிதான் இருக்கும். அப்போது வண்டி ஓடியிருந்தது வெறும் 310 கி.மீ. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

இப்போது 412 கி.மீ. சத்தம் எதுவும் மாறவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து நிறுத்தினால் பானட் பக்கம் லேசாகக் கருகல் வாடை வருகிறது. வண்டி கொடுத்த இடத்தில் ஒருவர், "இந்தக் காலத்து வண்டிக்கு ரன்னிங் இன் எல்லாம் வேண்டாம் சார்" என்கிறார், அதாவது புது வண்டியை அடக்கி ஓட்டிப் பழக்க வேண்டாமாம். அப்பா புல்லட் ஓட்டியவர். 1,000 கி.மீ வரை 60-க்கு மேல் போகவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மலைரோடு:
பயப்படாதீர்கள். நானும் என் வண்டியில் முதல் மாதமே இப்படிச் செய்திருக்கிறேன், நான்கு வருடமாக நன்றாக ஓடுகிறது. கருகல் வாடை எல்லாப் புது வண்டியிலும் வரும். சைலன்சர் குழாய் மேல் இருக்கும் பூச்சு சூட்டில் எரிந்து போகிற வாடைதான் அது, சில நூறு கி.மீ-இல் நின்றுவிடும். ஆனால் புகை வந்தாலோ, கீழே ஆயில் சொட்டினாலோ உடனே காட்டுங்கள்.

லேத்துப்பட்டறை:
தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, அப்போது ஆயில் எவ்வளவு சூடாக இருந்தது? இரண்டு, இன்ஜின் அளவுக்கு மேல் சுற்றாமல் தடுக்கிற லிமிட்டரில் இடித்து வண்டி வெட்டி வெட்டிப் போனதா? மூன்று, இதுதான் முக்கியம்: கியரை ஏற்றும்போது 6,800 போனதா, இறக்கும்போது போனதா?

நொய்யல்கரை:
அண்ணா, அதற்கு முன் முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. ஆயில் மீட்டர் 95 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்ததாக ஞாபகம். லிமிட்டரில் இடிக்கவில்லை. இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏற்றும்போதுதான்.

லேத்துப்பட்டறை:
அப்படியென்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன்.

கியரை ஏற்றும்போது இன்ஜின் தன் சக்தியில்தான் சுற்றும். இந்த வண்டியில் 7,200 வந்ததும் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். ஆனால் நான்காவதிலிருந்து மூன்றுக்குப் பதில் முதல் கியரில் தள்ளிவிட்டால், சக்கரம் இன்ஜினைப் பிடித்துச் சுற்றும். அதை எந்த லிமிட்டராலும் தடுக்க முடியாது. வால்வும் பிஸ்டனும் மோதி உடைகிற சம்பவம் அப்படித்தான் நடக்கும். உங்களுக்கு அது நடக்கவில்லை.

குளிர்ந்த ஆயிலில் 6,800 போயிருந்தால் நானும் கவலைப்பட்டிருப்பேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும், ஆயிலுக்கு அதைவிட நேரம் பிடிக்கும். ஆயில் 80 டிகிரி தாண்டும்வரை 3,000-க்குள் ஓட்டுங்கள். 2,000 கி.மீ வரைக்கும் மட்டும் அல்ல, வண்டி உங்களிடம் இருக்கிற நாள் முழுக்க இதைச் செய்யுங்கள்.

இனி ரன்னிங் இன் விஷயம். முப்பது வருடமாக போரிங், ஹோனிங் வேலைதான் செய்கிறேன், அதாவது பிஸ்டன் ஓடுகிற துளையைக் கடைந்து தேய்க்கிற வேலை. அந்தத் துளையைத்தான் போர் என்போம். பழைய வார்ப்பிரும்பு பிளாக்கை ஹோனிங் செய்து முடித்ததும் டார்ச் அடித்துப் பார்த்தால், போர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக, ஓலைப்பாய் பின்னல் போலக் கீறல் தெரியும். நகத்தால் மெதுவாகத் தடவினால் கரகரவென்று இருக்கும். ஆயில் அந்தக் கீறலில்தான் தங்கும். அந்தக் கரகரப்பின் மேல்முனையைத் தேய்த்துக்கொண்டு பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தனக்கு இடம் பிடிப்பதுதான் ரன்னிங் இன். ரிங்கின் பின்னால் புகுகிற வாயு அழுத்தம்தான் அதைச் சுவரோடு அமுக்கும். அந்த அழுத்தம் வர இன்ஜினுக்குக் கொஞ்சம் பாரம் வேண்டும். உங்கள் அப்பா சொல்கிற மாதிரி 60-லேயே நாள் முழுக்க உருட்டினால் ரிங் உட்காராமலே சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். அப்புறம் அந்த வண்டி ஆயில் குடிக்கும். அப்படி வந்த எத்தனையோ பிளாக்கைப் பிரித்திருக்கிறேன்.

உங்கள் எம்2-இல் இருக்கும் எஸ்58 இன்ஜினில், போருக்குள் செருகுகிற தனி லைனர் குழாய் கிடையாது. உலோகக் கம்பியை உருக்கிச் சுவரில் தெளித்த மெல்லிய பூச்சுதான். தொழிற்சாலையிலேயே மிக நுணுக்கமாகத் தேய்த்து அனுப்புகிறார்கள். அதனால் பழைய இன்ஜின் அளவுக்குத் தேய்மான வேலை பாக்கி இருக்காது. "ரன்னிங் இன் வேண்டாம்" என்று சொன்னவர் இதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் வண்டி என்றால் போர் மட்டுமா? பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்கள் பல்லோடு பல் பழக வேண்டும். கிளட்ச், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் புதுசு. 2,000 கி.மீ-இல் இன்ஜின் ஆயிலோடு டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றச் சொல்வது அதற்காகத்தான். அந்தச் சர்வீஸை மட்டும் யார் சொன்னாலும் தள்ளிப்போடாதீர்கள்.

டாப்கியர்:
முதல் 50 கி.மீ-லேயே நன்றாக மிதித்து ஓட்டினால்தான் ரிங் உட்காரும், பவரும் கூடும் என்று பல பேர் செய்து பார்த்துச் சொல்கிறார்களே?

லேத்துப்பட்டறை:
பாரம் வேண்டும் என்பது வரைக்கும் அவர்கள் சொல்வது சரி. அதற்காகக் கடைசிவரை மிதிக்க வேண்டியதில்லை. பாதி மிதியில் 2,500-லிருந்து 5,000 வரை ஏற்றி, காலை எடுத்து, கியரிலேயே வேகம் குறைய விடுங்கள். திரும்பத் திரும்ப அப்படிச் செய்தாலே போதுமான அழுத்தம் கிடைக்கும். இன்னொரு தவறும் நிறைய பேர் செய்கிறார்கள்: வண்டிக்கு நல்லது என்று ஆறாவது கியரில் 1,300-ல் வைத்து அழுத்துவது. டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு அது 5,500-ஐவிடக் கெடுதல். ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றி பிஸ்டனை அடிக்கும். கியரை இறக்கிவிட்டு மிதியுங்கள்.

கருஞ்சிவப்பு:
நான் வைத்திருப்பது ஃபோக்ஸ்வேகன் ஜிடிஐ. எங்கள் கையேட்டில் முதல் 1,000 கி.மீ-க்கு உச்ச ஆர்பிஎம்மில் மூன்றில் இரண்டு பங்கு, அதன்பின் 1,500 வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்கிறார்கள். வண்டிக்கு வண்டி கணக்கு மாறும், அவரவர் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஜினைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். புது டயரின் மேற்பரப்பு வழுக்கும், 300 கி.மீ ஆனால்தான் பிடிப்பு முழுதாக வரும். பிரேக் டிஸ்க்கும் பேடும் பழக 500 கி.மீ ஆகும். பின் சக்கரத்தில் இவ்வளவு சக்தி வருகிற வண்டி, வெளியே மழை. தயவுசெய்து சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கிற டிராக்ஷன் கன்ட்ரோலை ஆஃப் செய்யாதீர்கள். இன்ஜினுக்கு ஆவதைவிட உங்களுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்றுதான் எனக்குப் பயம்.

நொய்யல்கரை:
எல்லோருக்கும் மனசாரக் கோடி நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். சேலம் ரோட்டில் க்ரூஸ் கன்ட்ரோல் போட்டு 100-லேயே போகலாமா? ஆயில் அளவு பார்க்க டிப்ஸ்டிக்கைத் தேடினேன், கிடைக்கவில்லை.

லேத்துப்பட்டறை:
2,000 வரை க்ரூஸ் வேண்டாம், ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் போகிற பயணம் இதற்கு உதவாது. பொள்ளாச்சி வழியாக ஆழியாறு போய் வால்பாறை ஏறுங்கள். 40 கொண்டை ஊசி வளைவும் உங்கள் வண்டிக்கு நல்ல வாத்தியார். ஏறும்போது மூன்றாவது, இரண்டாவது கியரில் மிதமான பாரம் கிடைக்கும். இறங்கும்போது இன்ஜின் பிரேக்கிலேயே வரலாம். விடியற்காலையில் போனால் பஸ், லாரி குறைவு.

இந்த வண்டிக்கு டிப்ஸ்டிக் கிடையாது, திரையில்தான் பார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு, ஐடிலில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் பிடிக்கும். வாரம் ஒரு தடவை பார்த்து, கி.மீ-ஐயும் சேர்த்துக் குறித்து வையுங்கள். முதலில் கொஞ்சம் இறங்கினால் பதறாதீர்கள், அது சகஜம். இறங்கிக்கொண்டே போனால் மட்டும் சொல்லுங்கள்.

நொய்யல்கரை (ஏழு வாரம் கழித்து):
2,040 கி.மீ-இல் சர்வீஸ் முடிந்தது. வால்பாறை மூன்று தடவை போய் வந்தேன், ஒரு தடவை அப்பாவையும் கூட்டிக்கொண்டு. ஆயில் அளவு 900 கி.மீ வாக்கில் கொஞ்சம் இறங்கியது, அதன்பின் அசையவே இல்லை. கருகல் வாடை 600-லேயே போய்விட்டது.

டிஃபரன்ஷியல் ஆயில் வடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கக் கேட்டேன், விட்டார்கள். ஒரு சொட்டை விரலில் எடுத்து வெயிலில் பிடித்தேன் அண்ணா. வெள்ளிப் பொடி கலந்த மாதிரி மினுமினுத்தது. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் துகளாக ஒன்றும் தட்டுப்படவில்லை, வெறும் நிறம்தான். இது சரிதானா?

லேத்துப்பட்டறை:
ரொம்பச் சரி. விரலில் குத்துகிற மாதிரி சில்லு வந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். இனி 5,000 கி.மீ வரை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். மச்சானிடமும் இப்போது சாவியைக் கொடுக்கலாம்.