லைட் 10 டிகிரி காட்டியது, வண்டிக்கு பிக்கப் இல்லை: இன்ஜின் மாற்றிய பழைய எம்எக்ஸ்-5 அனுபவம்

என்னிடம் இருப்பது 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 கார், 1.6 லிட்டர். பழைய இன்ஜினில் பேரிங் போய்விட்டதால், அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றிய ஒரு இன்ஜினை வாங்கி நானும் நண்பனும் மாட்டினோம். மாட்ட மூன்று வார இறுதிகள் ஆயின. அதன்பிறகு கோளாறைத் தேடவே இரண்டரை மாதம் ஆனது. இதே நிலையில் யாராவது முழித்துக்கொண்டிருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் நாள் செல்ஃப் அடித்தால் இன்ஜின் சோம்பலாக இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. பேட்டரி புதுசு. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நண்பன் ஆக்சிலேட்டர் கேபிளைத் தற்செயலாகத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். கேபிள் அப்படிச் சுட்டது. எர்த் பட்டையை மாட்ட மறந்திருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. இந்த வண்டியில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அதன் நெகட்டிவ் பாடியோடு சேர்கிறது, பாடியிலிருந்து இன்ஜினுக்குத் தனியாக ஒரு பட்டை போகிறது. அந்தப் பட்டை இல்லாததால் செல்ஃப் மோட்டார் இழுத்த கரண்ட் முழுக்க அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் மறுமுனையைப் பாடியிலும் வைத்துச் செல்ஃப் அடித்தோம். 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பட்டை சேரும் இடத்தைப் பளபளவென்று சுரண்டி மாட்டியபின் 0.1. செல்ஃப் அடிக்கும்போது 0.2-ஐத் தாண்டினாலே அந்த இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

சரி, வண்டி ஓடத் தொடங்கியது. ஐடிலிங் 850-இல் நின்றது, மிஸ்ஸிங் இல்லை, புகை இல்லை. ஆனால் பிக்கப் இல்லவே இல்லை. ஆயிரம் கிலோகூட எடையில்லாத வண்டி, மேட்டில் இரண்டாவது கியரிலேயே திணறியது. பானெட்டுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளையும் ஒயரால் இணைத்து டைமிங் லைட் (ஸ்பார்க் வரும் கணத்தில் மின்னி, புல்லிக் குறி எங்கே நிற்கிறது என்று காட்டும் விளக்கு) அடித்தேன். கிராங்க் புல்லியின் குறி, வைக்க வேண்டியபடி, உச்சிக்கு முன் மிகச் சரியாக 10 டிகிரியில் நின்றது. பெட்ரோல் பிரஷர் பார்த்தேன், பிளக் ஒயர்களை மாற்றினேன். ஏர் ஃப்ளோ மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸை வளைத்து வளைத்துக் கீறல் தேடினேன். (இந்த மீட்டருக்குள் இருப்பது காற்று தள்ளினால் திறக்கும் ஒரு மடல். அதைத் தாண்டி எங்கே காற்று புகுந்தாலும் கம்ப்யூட்டர் கணக்கில் வராது.) டைமிங் பெல்ட் கவரைக் கழற்றி இரண்டு கேம் புல்லிகளின் குறிகளுக்கு இடையே பற்களை எண்ணினேன். 19, அதுவும் சரி. எண்கள் எல்லாம் சரியாக இருக்க, வண்டி மட்டும் சரியாக இல்லை. அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே சரியாக வரவில்லை.

துப்பு கிடைத்தது வேறு விதமாக. ஸ்பார்க் நேரத்தை நிர்ணயிக்கும் கேம் ஆங்கிள் சென்சாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தேன். லைட்டில் 18 வரும் வரை தள்ளியதும் வண்டிக்கு உயிர் வந்தது. எட்டு டிகிரி கூட்டினால்தான் சாதாரணமாக ஓடும் என்றால், லைட் காட்டிய அந்த 10-ஐ எப்படி நம்புவது? லைட் வெளிச்சம் போட்டுக் காட்டுவது புல்லியின் குறியை. பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, நீளமான பிளாஸ்டிக் குச்சியைத் துளை வழியாகப் பிஸ்டன் மேல் நிறுத்தி, கிராங்க் போல்ட்டில் 21 சாக்கெட் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினேன். பிஸ்டன் உச்சியில் சில டிகிரி அசையாமல் நிற்பதுபோல் தெரியும், அதனால் கண்ணளவில் உச்சியைப் பிடிக்க முடியாது. ஏறும்போது குச்சி ஒரு உயரத்துக்கு வரும் இடத்தையும், இறங்கும்போது அதே உயரத்துக்கு வரும் இடத்தையும் புல்லியில் குறித்துக்கொண்டு நடுவை எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது புல்லியின் குறி உச்சிக்கு எட்டு டிகிரி முன்னாலேயே நின்றது.

இன்ஜினை ஓடவிட்டுப் புல்லியின் விளிம்பைப் பார்த்தேன். லேசாகக் கோணலாக ஆடியது. எத்தனை முறை குனிந்து பார்த்திருப்பேன், கண்ணில் படவில்லை. புல்லியின் நடுவில் நான்கு வெட்டுகள் இருந்தால் அது குட்டை மூக்கு (முன்முனை) கிராங்க், ஆரம்பகால 1.6 இன்ஜின்களில் வருவது. நீளமான மூக்கு என்றால் எட்டு வெட்டுகள். என்னுடையதில் நான்கு. போல்ட்டைத் திறந்ததும் செம்பழுப்புத் தூள் கொட்டியது. கீ என்ற சிறு இரும்புத் துண்டு ஒரு பக்கம் படி போலத் தேய்ந்திருந்தது, அது உட்காரும் பள்ளமும் அகன்றிருந்தது. முன்பு யாரோ பெல்ட் மாற்றியபோது போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருக்க வேண்டும். கீ இடத்தைக் காட்டத்தான்; சுமையைத் தாங்குவது போல்ட்டின் இறுக்கம். அது தளர்ந்ததால் கிராங்க் முன்னால் போக, பெல்ட்டை ஓட்டும் பற்சக்கரமும் புல்லியும் சேர்ந்தே பின்தங்கியிருக்கின்றன. இரண்டும் ஒன்றாக நகர்ந்ததால்தான் லைட்டிலும் பெல்ட் குறிகளிலும் எதுவும் தெரியவில்லை.

கிராங்கையே மாற்றுவதுதான் முழுமையான வழி. நான் புது கீ, பற்சக்கரம், புல்லியைத் தாங்கும் பாகம், போல்ட் வாங்கி, மூக்கை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, தேய்ந்த இடைவெளியை லாக்டைட் 660 என்ற பசை வைத்து நிரப்பி, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டேன். பிறகு 10 டிகிரியில் வைத்தேன். முதல் மேட்டிலேயே வித்தியாசம் தெரிந்தது. 4,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, குச்சி வைத்து மறுபடி பார்த்தேன், குறி நகரவில்லை.

*

அண்ணா, அந்தக் குச்சி விஷயத்தை இப்போதே குறித்து வைத்துக்கொண்டேன். என்னுடையது 1986 போர்ஷே 944. இன்ஜின் மாற்றியபின் செல்ஃப் நன்றாகச் சுற்றியது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. ஸ்பார்க்கும் இல்லை, இன்ஜெக்டரும் துடிக்கவில்லை. இரண்டும் ஒன்றாக இல்லாமல் போனதால் கம்ப்யூட்டருக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியவில்லை என்று சந்தேகப்பட்டேன். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது துடிக்க வேண்டும், செத்தாற்போல் கிடந்தது.

ஃப்ளைவீல் பக்கத்தில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. ஒன்று பற்களைப் பார்த்து வேகம் சொல்லும், இன்னொன்று சுற்றுக்கு ஒருமுறை இடம் சொல்லும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, கனெக்டரும் ஒரே மாதிரி. நான் மாற்றிச் செருகியிருந்தேன். மாற்றிப் போட்டு, இடைவெளியை 0.8 மி.மீ. வைத்ததும் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. கழற்றும்போதே இரண்டிலும் வேறு வேறு நிறத்தில் டேப் சுற்றிவிடுங்கள்.

அப்புறம் ஸ்டீயரிங் நடுங்கியது. இன்ஜின் மவுன்ட் என்று நினைத்து மாற்றிவிட்டேன், நிற்கவில்லை. ஒரு பேலன்ஸ் ஷாஃப்ட்டை அரைச் சுற்று தள்ளி மாட்டியிருந்தேன். கிராங்கைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும் எடை அது. அதிர்வை அடக்க வேண்டியது அதிர்வைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

*

எம்எக்ஸ்-5 நண்பருக்கு ஒரு விஷயம். என் 1.6-இல் டெம்பரேச்சர் மீட்டர் முள் நார்மலாக இருந்தும் பெட்ரோல் அதிகம் குடித்தது, காலையில் கரும்புகை. முள்ளுக்கு ஒற்றை ஒயர் சென்சார், கம்ப்யூட்டருக்கு இரண்டு ஒயருடன் தனி சென்சார். அது ஹெட்டின் பின்பக்கம், ஃபயர்வாலை ஒட்டி ஒளிந்திருக்கும். இன்ஜினை இறக்கும்போது அடிபடுவது அதுதான். கழற்றி ஓம் அளந்து பாருங்கள். 20 டிகிரி செல்சியஸில் 2.2 முதல் 2.7 கிலோ ஓம், 80-இல் சுமார் 300 ஓம் வர வேண்டும். என்னுடையது சூடானபிறகும் 2 கிலோ ஓமில் நின்றது.

*

ரொம்ப நன்றி சார். என் எம்எக்ஸ்-5-உம் இப்போதெல்லாம் காலையில் கொஞ்சம் கரும்புகை விடுகிறது, பழைய இன்ஜினின் சென்சாரைத்தான் இதில் மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அளந்துவிட்டு எண்ணை எழுதுகிறேன்.