கிருஷ்ணா பரத்வாஜ் காட்டும் ரிக்கார்டோ: எம்.ஏ. படிக்கிறவர்களுக்கு இது எதற்கு?

முனிர்கா வாசி:
தில்லியிலேயே பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகள் கிருஷ்ணா பரத்வாஜ் பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்கிறார்கள். ஜே.என்.யூ.வில் பொருளாதார ஆய்வு மையத்தை வளர்த்தெடுத்தவர். கார்வாரில் பிறந்து பம்பாயில் படித்தவர். ரிக்கார்டோ வழிப் பொருளாதாரத்தை மீட்டெடுத்த கேம்பிரிட்ஜ் அறிஞர் ஸ்ராஃபாவின் 1960 புத்தகத்துக்கு 1963-ல் 'எகனாமிக் வீக்லி'யில் அவர் எழுதிய மதிப்புரைதான் அவரைக் கேம்பிரிட்ஜ் வரைக்கும் கொண்டுபோனது.

1978-ல் வந்த அவருடைய சின்னப் புத்தகத்தைப் பற்றித்தான் இந்த இழை. செவ்வியல் பொருளாதாரம் எப்படித் தேவை-அளிப்புக் கோட்பாட்டிடம் இடத்தைப் பறிகொடுத்தது என்பது விஷயம். செவ்வியல்காரர்களான ஸ்மித், ரிக்கார்டோ, மார்க்ஸ் மூவரும் கேட்டது ஒரே கேள்வி: ஒரு வருஷ விளைச்சலில் உழைத்தவன் சாப்பாடும் விதையும் போக மிஞ்சுவது எவ்வளவு, அது யார் கைக்குப் போகிறது? கூலி எவ்வளவு என்பதை வழக்கமும் சரித்திரமும் முடிவு செய்யும், விலைக்கணக்கு அதற்கப்புறம். 1870-களில் ஜெவன்ஸ், மெங்கர், வால்ராஸ் வந்த பிறகு கூலி, லாபம், குத்தகை எல்லாமே தேவையும் அளிப்பும் தீர்மானிக்கிற விலைகளாகிவிட்டன. ஜெவன்ஸாவது ரிக்கார்டோ பொருளாதாரத்தைத் தவறான தடத்தில் திருப்பிவிட்டார் என்று வெளிப்படையாகத் திட்டினார். மார்ஷல் 1890-ல் சமாதானம் பேசினார்: விலை என்ற கத்தரிக்கோலில் ரிக்கார்டோ உற்பத்திச் செலவு என்ற ஒரு அலகை மட்டும் பார்த்தார், தேவை என்ற இன்னொன்றை நாங்கள் சேர்த்தோம், அவ்வளவுதான் என்று. அந்தச் சமாதானம் செல்லாது என்கிறார் பரத்வாஜ். இதை எம்.ஏ.வில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்கிறேன் நான்.

நார்த் கேம்பஸ் தம்பி:
அண்ணா, கோவிச்சுக்காதீங்க. எம்.பி.பி.எஸ். பையன் சரகரைப் படிச்சிட்டா ஊசி போடப் போறான்? பழைய ஆட்கள்கிட்ட உருப்படியா இருந்தது எல்லாம் இன்னைக்கு மாடல்ல வந்தாச்சு. சாமுவெல்சன் 1987-ல இதையே வெளிப்படையா எழுதினார், இன்றைய அறிவை வச்சுத்தான் பழசை அளக்கணும்னு. எங்களுக்கு எகனோமெட்ரிக்ஸே முழி பிதுங்குது.

மார்ஜினல் மாமி:
தம்பி, உன் கட்சியில் நான் இல்லை. எனக்குச் சரித்திரம் வேண்டும். முனிர்கா சார் சொல்கிற சரித்திரம்தான் வேண்டாம்.

ரிக்கார்டோவின் முதல் அத்தியாயத்தைப் பிரித்தாலே அபூர்வமான சிலை, ஓவியம், பழைய நாணயம், விசேஷ ஒயின் என்று வருகிறது. இவற்றின் மதிப்பு அபூர்வத்தாலும் வாங்குகிறவர்களின் வசதி, விருப்பத்தாலும் வருவதென்று அவரே சொல்கிறார். சந்தை விலைக்கும் தேவையைக் கொண்டுவருகிறார். ரிக்கார்டோவுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் தொடர்ச்சி உண்டு என்று 1979-ல் சாமுவேல் ஹாலண்டர் ஒரு தடிப் புத்தகமே எழுதினார். பரத்வாஜ் வரைவது ஸ்ராஃபாவின் கண்ணாடி வழியாகத் தெரியும் ரிக்கார்டோ. மார்க் பிளாகும் 1999-ல் இதைத்தான் சொன்னார்.

முனிர்கா வாசி:
அதே பத்தியில் அடுத்து என்ன வருகிறது மாமி? தினமும் சந்தையில் கைமாறும் பண்டங்களில் இந்த அபூர்வச் சரக்கு மிகச் சிறிய பங்கு என்கிறார். உழைப்பால் பெருக்கக்கூடிய பண்டங்களைப் பற்றித்தான் மீதிப் புத்தகம் முழுக்க.

'தேவை' என்ற சொல் வந்துவிட்டால் தேவைக் கோட்பாடு வந்துவிட்டதாகாது. ஸ்மித்திடம் அது ஓர் அளவு. இயல்பு விலை கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் இவ்வளவு சரக்குக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். விலை ஏற ஏற இவ்வளவு குறையும் என்ற கோடு அங்கே கிடையாது. அந்தக் கோடு இல்லாமல் மார்ஷலின் கத்தரிக்கோல் வெட்டாது. பரத்வாஜ் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடமே இதுதான்.

மார்ஜினல் மாமி:
கோடு வரையவில்லை என்பதால் மனசில் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? சரி, ரிக்கார்டோ எழுதாததை அவர் மனசுக்குள் போய்ப் பார்ப்பது உங்கள் கட்சியும்தானே, தானியத்துக்கு வருகிறேன். ஆரம்பகால ரிக்கார்டோவுக்கு லாப விகிதம் போட்ட தானியத்துக்கு மிஞ்சிய தானியம் எவ்வளவு என்று விவசாயத்திலேயே முடிவாகிவிடும், விலையே வேண்டாம் என்பது ரிக்கார்டோ நூல்தொகுப்புக்கு எழுதிய 1951 முன்னுரையில் ஸ்ராஃபா சொன்ன விளக்கம். கிடைத்திருக்கும் கடிதங்களிலோ தாள்களிலோ ரிக்கார்டோ இதை எங்கும் சொல்லவில்லை என்று ஸ்ராஃபாவே ஒப்புக்கொள்கிறார். இதன் மேல் ஒரு மாளிகை கட்டலாமா?

முனிர்கா வாசி:
ரிக்கார்டோவின் நண்பர் மால்தஸ் 1814-ல் அவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறதே. எந்த உற்பத்தியிலும் விளைகிற பொருளும் போட்ட முதலும் அச்சாக ஒரே வகையாக இருப்பதில்லை என்று மறுக்கிறார். யாரும் சொல்லாத ஒன்றை எதற்கு மறுக்க வேண்டும்?

மார்ஜினல் மாமி:
பேசியிருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை வைத்து வக்கீல் வாதாடலாம், சரித்திரம் எழுதுகிறவர் யோசிக்க வேண்டும். பண்டங்களின் மதிப்பை அளக்க மாறாத அளவுகோல் ஒன்றைத் தேடி 1823-ல் சாகும்வரை அந்த மனுஷர் தவித்தார். அதற்கு விடை ஸ்ராஃபா தன் 1960 புத்தகத்தில் அளவுகோலாகக் கட்டிய நியமப் பண்டம் என்றால், கேள்வியையும் ஸ்ராஃபாவே திருத்தி எழுதிக்கொண்டாரோ என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை.

ஆர்.கே.புரம் அண்ணாச்சி:
சர்க்கார் புள்ளிவிவரத்துல தலைமுடி நரைச்சவன் நான், கேம்பிரிட்ஜ் பஞ்சாயத்துல வரலை. ஆனா அந்தம்மா 1974-ல இந்திய விவசாய உற்பத்தி நிலைமை பத்தி ஒரு ஆய்வு போட்டாங்க. ஐம்பதுகள்ல எடுத்த பண்ணை நிர்வாக சர்வேக்களை வச்சு. சின்ன விவசாயி சந்தைக்குச் சந்தோஷமா வாறதில்ல, கடனுக்கும் குத்தகைக்கும் கட்டாயப்பட்டு வாறான்னு சொன்னாங்க. நிலம் குடுக்குறவன், கடன் குடுக்குறவன், விளைச்சலை வாங்குறவன் எல்லாம் ஒரே ஆளுன்னா, விலை மட்டும் தனியா எங்கேயிருந்து வரும்? ரிக்கார்டோவைப் படிச்ச கண்ணுதான் இதைப் பார்த்திருக்குன்னு நான் நெனைக்கேன்.

ஆசாத்பூர் மண்டிக்குப் போய்ப் பாருங்க. காஷ்மீர் ஆப்பிள்காரனுக்குச் சீசனுக்கு முன்னாலேயே அட்வான்ஸ் குடுக்குறது இங்கிருக்கிற ஆடத்தி, அதாவது கமிஷன் ஏஜெண்ட். பெட்டி வந்தா அதே ஆடத்தி மூலமாத்தான் விக்கணும்.

நார்த் கேம்பஸ் தம்பி:
அண்ணாச்சி, இதுக்கும் மாடல் இருக்கு. பிரேவர்மன், ஸ்டிக்லிட்ஸ், 1982. கடனும் குத்தகையும் ஏன் பிணைஞ்சு வருதுன்னு தகவல் குறைபாட்டை வச்சு அழகா விளக்கியிருக்காங்க. ரிக்கார்டோ பேரே தேவைப்படலை.

முனிர்கா வாசி:
தேவைப்படவில்லைதான், அதனால் போனது என்ன என்று பார், தம்பி. பரத்வாஜ் கேட்டது பலம் யார் பக்கம் என்று. எட்டு வருஷம் கழித்து வந்த மாடலில் அது ஒப்பந்தம் போடுகிற இரண்டு பேரின் தகவல் பிரச்சினை. கிராமம் அதேதான், கேள்வி இடம் மாறிவிட்டது. எந்தக் கேள்வி எப்போது, ஏன் கைவிடப்பட்டது என்று தெரியாதவனுக்கு இந்த மாற்றமே கண்ணில் படாது. 2020-ல் மூன்று வேளாண் சட்டங்களுக்காகத் தொலைக்காட்சியில் பேசியவர்கள் விவசாயிக்கு 'விருப்பம் கூடுகிறது' என்றார்கள். அவற்றை எதிர்த்துச் சிங்கு எல்லையில் உட்கார்ந்த விவசாயிகள் பேரம் பேசும் பலத்தைப் பற்றிப் பேசினார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

மார்ஜினல் மாமி:
ஆடத்தி அட்வான்ஸ் கொடுப்பதால் ஆலங்கட்டி மழையின் நஷ்டத்தில் அவனுக்கும் பங்கு உண்டு. வங்கி அதைச் செய்யுமா? பலம் என்ற ஒரு சொல்லைப் போட்டால் கணக்கு முடிந்துவிடாது, எவ்வளவு பலம், எதனால் என்று அளக்க வேண்டும்.

என் கேள்வி இதுதான். கூலியை வழக்கமும் சரித்திரமும் தருகிறது என்கிறீர்கள். காலையில் தில்லி லேபர் சௌக்கில் நிற்கிற பீகார்க்காரருக்கு இன்றைக்கு என்ன கூலி, ஏன் அந்தக் கூலி? உங்கள் கோட்பாடு அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, சரித்திரம் பார்த்துக்கொள்ளும் என்கிறது.

முனிர்கா வாசி:
காலியாகத்தான் விடுகிறது. அங்கே ஊரில் இருக்கும் கடன், சட்டம் போட்ட குறைந்தபட்சக் கூலி, அதைக் கேட்க முடியாத நிலைமை, சாதி எல்லாவற்றையும் நேரில் போய் விசாரித்து எழுத வேண்டும். விலைச் சமன்பாட்டிலிருந்து அது தானாக வந்துவிடும் என்று சொல்லாததைத்தான் நான் மதிக்கிறேன்.

மார்ஜினல் மாமி:
விசாரித்தபின் பொதுவாக எதையாவது சொல்ல முடியுமா, முடியாதா? அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நார்த் கேம்பஸ் தம்பி:
மாமி, செமஸ்டருக்கு எதைப் படிக்கட்டும்?

மார்ஜினல் மாமி:
ரிக்கார்டோவின் முதல் அத்தியாயத்தை நீயே படி. பிறகு பரத்வாஜ், அப்புறம் ஹாலண்டர். இந்த வரிசையை மாற்றாதே.

முனிர்கா வாசி:
வரிசை எனக்குச் சம்மதம். அடுத்து 1869-ல் ஜான் ஸ்டூவர்ட் மில், கூலிக்கென்று உள்ள தொகை முன்கூட்டியே நிர்ணயமானது என்ற கூலி நிதிக் கொள்கையைக் கைவிட்ட கதைக்குப் போகலாம். மாமியின் தொடர்ச்சி அங்கே எப்படி நிற்கிறது என்று பார்க்க ஆசை.